“பார்ப் மாத்திரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்களாமே?”

7 ஜூன் 2025, கேள்வி

ஓலாபரிப், நிராபரிப், ருகாபரிப் மூன்றையும் 2022இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்று படித்தேன். ட்ரையலில் (மருந்துச் சோதனையில்) மாத்திரை சாப்பிட்டவர்கள்தான் சீக்கிரம் இறந்தார்களாம். இங்கே இன்னும் கருப்பைப் புற்றுநோய்க்கு எழுதித் தருகிறார்கள். வியாபாரம்தானே?

7 ஜூன், இரவு

கருப்பை இல்லை, சினைப்பை. கருப்பை என்றால் யூட்டரஸ். பத்திரிகைகள் இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன. இலங்கையில் சூலகம் என்கிறார்கள், குழப்பமே வராது.

திரும்பப் பெற்றது மருந்தை அல்ல, ஓர் உபயோகத்தை. பார்ப் மாத்திரைகள் (டிஎன்ஏ முறிவைச் சரிசெய்ய உதவும் பார்ப் என்ற புரதத்தைத் தடுப்பவை) இரண்டு விதமாகத் தரப்படுகின்றன. ஒன்று, கார்போபிளாட்டின் கீமோவில் கட்டி நன்றாகச் சுருங்கிய பிறகு, மறுபடி வளராமல் இருக்கக் கொடுப்பது. இதற்கு மெயின்டனன்ஸ் என்று பேர். இன்னொன்று, இரண்டு மூன்று கீமோ முடிந்தும் நோய் திரும்பி வந்தவர்களுக்கு, கீமோவுக்குப் பதிலாகவே மாத்திரையைக் கொடுப்பது. 2022இல் போனது இந்த இரண்டாவது. ஜூனில் ருகாபரிப், ஆகஸ்டில் ஓலாபரிப், செப்டம்பரில் நிராபரிப். அதே ஆண்டு நவம்பரில் நிராபரிப்பின் மெயின்டனன்ஸ் உபயோகத்தையும் ஓரளவு சுருக்கினார்கள்: நோய் திரும்பி வந்தவர்களில் பிறவியிலேயே பிராக்கா மரபணுவில் (டிஎன்ஏ முறிவை ஒட்ட உதவும் மரபணு) பிழை உள்ளவர்களுக்கு மட்டும் என்று. முதல் கீமோவுக்குப் பிறகு தரும் மெயின்டனன்ஸில் அப்போது கைவைக்கவில்லை.

8 ஜூன்

“சீக்கிரம் இறந்தார்கள்” என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏரியல்-4 என்ற ட்ரையல். பிராக்கா பிழை உள்ள, ஏற்கெனவே இரண்டு அல்லது அதற்கு மேல் கீமோ பார்த்த 349 பெண்கள். ஒரு பக்கம் ருகாபரிப், மறுபக்கம் கீமோ. நோய் முற்றாமல் கடந்த காலம் மாத்திரைக்காரர்களுக்கு 7.4 மாதம், கீமோவில் 5.7. ஜெயித்துவிட்டது என்றுதான் எவரும் சொல்வார். பிறகு மொத்த ஆயுள் கணக்கு வந்தது: மாத்திரைக்கு 19.4 மாதம், கீமோவுக்கு 25.4. தலைகீழ்.

சோலோ-3 என்ற ஓலாபரிப் ட்ரையலிலும் இதே கதை. மூன்று அல்லது அதற்கு மேல் கீமோ பார்த்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 29.9 மாதத்துக்கு எதிராக 39.4. நிராபரிப்புக்கு இந்த இடத்தில் கீமோவோடு ஒப்பிட்ட ட்ரையலே கிடையாது. தங்கைகள் இருவரும் மாட்டியதும் மூன்றாமவளும் வீட்டுக்குப் போய்விட்டாள், அவ்வளவுதான்.

8 ஜூன், கொஞ்சம் கழித்து

மேலே எழுதியது அரைகுறை. ஏரியல்-4இல் கீமோ பக்கம் இருந்தவர்களில் பெரும்பாலோர் நோய் முற்றியதும் ருகாபரிப்புக்கு மாறினார்கள். ஆகவே அது “மாத்திரையா கீமோவா” என்ற ஒப்பீடாக நிற்கவில்லை. “முதலில் மாத்திரையா, முதலில் கீமோவா” என்பதற்கு விடையாகிவிட்டது. மாத்திரை விஷம் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. வரிசை தப்பினால் நஷ்டம் என்று சொல்லலாம்.

ஏன் நஷ்டம்? பார்ப் மாத்திரையும் பிளாட்டினமும் (கார்போபிளாட்டின் வகைக் கீமோ) அடிப்பது ஒரே பலவீனத்தை: புற்றணுவுக்குத் தன் டிஎன்ஏ முறிவைச் சரியாக ஒட்டத் தெரியாது. மாத்திரையில் பல மாதம் இருந்தும் தப்பிக்கிற அணுக்களில் சில, பிராக்கா பிழையையே திருத்திக்கொண்டு ஒட்டக் கற்றுவிடுகின்றன. அப்புறம் பிளாட்டினம் கொடுத்தாலும் பழைய பலன் வராது. சோலோ-2 ட்ரையலில் மாத்திரையை நிறுத்திப் பிளாட்டினம் கீமோ போட்டவர்களைப் பின்னர் பிரித்துப் பார்த்தார்கள். மறுபடி நோய் முற்ற ஓலாபரிப் சாப்பிட்டவர்களுக்கு 7.0 மாதம், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 14.3 மாதம். சரிபாதி. பின்னோக்கிப் பார்த்த கணக்கு என்பதால் அப்படியே நம்பிவிடக்கூடாது, ஆனாலும் வேறுபாடு பெரிது.

11 ஜூன்

“அப்படியானால் முதல் கீமோ முடிந்ததும் கொடுப்பதிலும் இந்த ஆபத்து இருக்குமே?”

நல்ல கேள்வி. சோலோ-1 இதற்காகவே பார்க்க வேண்டியது. பிராக்கா பிழை உள்ள 391 பேர், முதல் கீமோவில் கட்டி அடங்கியவர்கள். 260 பேருக்கு ஓலாபரிப், 131 பேருக்குப் போலி மாத்திரை, இரண்டு ஆண்டு மட்டும். மூன்றாம் ஆண்டில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 60 சதவீதத்துக்கு எதிராக 27. ஏழாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 67 சதவீதத்துக்கு எதிராக 46.5. போலி மாத்திரை பக்கத்தில் 44 சதவீதம் பேர் பிற்பாடு ஏதோ ஒரு பார்ப் மாத்திரை பார்த்தவர்கள், அப்படி இருந்தும் இந்த இடைவெளி. ஆக, இங்கே ஆயுள் கூடியது நிரூபணம்.

12 ஜூன்

“நிரூபணம்” என்று நேற்று எழுதியதை அடித்துவிடுங்கள். அந்த ஏழாண்டுக் கணக்கில் பி மதிப்பு (மருந்தால் பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) 0.0004. பார்க்க மிகச் சிறிய எண்ணாக இருக்கும். ஆனால் அந்தக் கட்டத்தில் இதற்கும் கீழே போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த கோடு 0.0001. இடையில் எத்தனை தடவை எட்டிப் பார்க்கிறோமோ அத்தனைக்குக் கோடு இறுக்கமாகும். கோட்டைத் தாண்டாததால் ட்ரையல் விதிப்படி அது “வலுவான அறிகுறி” மட்டும். என்னைக் கேட்டால் பிராக்கா பிழை உள்ளவருக்கு முதல் கீமோவுக்குப் பின் மாத்திரை கொடுப்பதில் தயக்கம் வேண்டாம் என்பேன். ஆனால் வார்த்தை வார்த்தையாகவே இருக்கட்டும்.

12 ஜூன்

இதற்கு நேர் எதிரே பிரைமா ட்ரையலை வையுங்கள். நிராபரிப், 733 பேர், பிராக்கா பிழை உள்ளவரும் இல்லாதவரும் கலந்து. நோய் முற்றும் அபாயம், போலி மாத்திரைப் பக்கத்தை 1 என்று வைத்தால், 0.62ஆகக் குறைந்தது என்று 2019இல் கொண்டாடினார்கள். 2024இல் மொத்த ஆயுள் வந்தது: 46.6 மாதம், போலி மாத்திரைக்கு 48.8. அபாய விகிதம் 1.01. ஒன்றுமில்லை. கூட்டம் கலப்படமாக இருக்கும்போது “நோய் முற்றாமல்” என்ற எண்ணை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டிவரும்.

15 ஜூன்

அளவு பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றாகவே எழுதுகிறேன்.

ஓலாபரிப்: இப்போது மாத்திரை, 150 மி.கி. இரண்டு, காலை மாலை. ஆரம்பத்தில் வந்தது 50 மி.கி. காப்ஸ்யூல். வேளைக்கு எட்டு, நாளைக்குப் பதினாறு! பழைய கட்டுரைகளில் 400 மி.கி. என்று பார்த்துவிட்டு மாத்திரையை அந்தக் கணக்கில் மாற்றக்கூடாது. காப்ஸ்யூலும் மாத்திரையும் உடம்பில் ஏறும் விதமே வேறு. மி.கி.க்கு மி.கி. மாற்ற முடியாது.

இதில் அடிக்கடி சறுக்குவது, ஓலாபரிப் உடம்பில் உடைந்து கழிவதைத் தடுக்கும் வேறு மருந்து சேரும்போது. வாய்ப் பூஞ்சைக்கு ஃப்ளுகோனசோல் எழுதினால் ஓலாபரிப்பை வேளைக்கு 150க்கு இறக்க வேண்டும். கிளாரித்ரோமைசின், இட்ராகோனசோல் என்றால் 100. தவிர்க்க முடிந்தால் இவற்றையே தவிர்ப்பது உத்தமம். கிரேப்ஃப்ரூட் கூடாது என்று போட்டிருப்பதைத் தமிழில் “திராட்சை கூடாது” என்று மொழிபெயர்த்த தாள் ஒன்று கண்ணில் பட்டது. திராட்சை பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. இது பம்பளிமாஸ் ஜாதி, அந்த ஜாதியையே ஒதுக்குங்கள்.

கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் உடனே சிறுநீரகம் போச்சு என்று பதறக்கூடாது. கிரியாட்டினினை வெளியேற்றும் வாயிலை இந்த மாத்திரைகள் (ருகாபரிப் குறிப்பாக) அடைப்பதால் எண் மட்டும் ஏறலாம். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு சிறுநீரகப் பரிசோதனை பார்த்தால் தெரிந்துவிடும்.

15 ஜூன், தொடர்ச்சி

நிராபரிப்: தொடக்கத்தில் எல்லாருக்கும் 300 மி.கி. பிளேட்லெட் சடசடவென்று விழுந்தது. நோவா ட்ரையலில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையாக. ஆராய்ந்தபோது, எடை 77 கிலோவுக்குக் கீழே அல்லது ஆரம்பத்திலேயே பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருந்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். இப்போது அவர்களுக்கு 200இல் தொடக்கம். நம் ஊர்ப் பெண்களில் 77 கிலோவைத் தாண்டுபவர் எத்தனை பேர்? அநேகமாக எல்லாருக்குமே 200தான்.

முதல் மாதம் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை. பிறகு பதினோரு மாதம், மாதம் ஒரு தடவை. ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் நிறுத்தி, ஏறியபின் மறுபடி. ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். பிளேட்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்து பிரஷரைக் கோட்டைவிடுவதுதான் வழக்கம்.

19 ஜூன்

“சிஏ 125 ஏறிக்கொண்டே போகிறது, ஸ்கேன் சுத்தம். ட்ரையலில் இதை நோய் முற்றியதாக எடுப்பார்களா?”

சிஏ 125 என்பது இந்த நோயில் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம். அதை நோய் முற்றியதாக எடுப்பது ட்ரையலுக்கு ட்ரையல் மாறும். ட்ரையலின் திட்டத் தாளில் இருக்கும். பொதுவான சர்வதேச விதி இது: முன்பு சாதாரணமாக இருந்தவருக்கு, சாதாரண மேல் எல்லையின் இரண்டு மடங்கு. 35 எல்லை என்றால் 70. ஒரு வார இடைவெளியாவது விட்டு இரண்டு தடவை தாண்ட வேண்டும். சாதாரணத்துக்கு இறங்காதவருக்கு, அவர் தொட்ட மிகக் குறைந்த எண்ணின் இரண்டு மடங்கு.

பலர் தவறவிடுவது ஒன்று: வயிற்று நீரை ஊசி போட்டு எடுத்தால், அல்லது வயிற்று உறையிலோ நுரையீரல் உறையிலோ அறுவை போன்ற வேலை நடந்தால், அடுத்த 28 நாளைக்கு சிஏ 125 கணக்கில் சேராது. அந்த உறை உரசப்பட்டாலே எண் ஏறும். திங்கட்கிழமை நீர் எடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுத்து, எண் ஏறியதைப் பார்த்து ராத்திரி தூங்காமல் கிடப்பவர்கள் உண்டு.

ட்ரையலுக்கு வெளியே, எண் ஏறிய உடனே கீமோ தொடங்கினால் ஆயுள் கூடுமா என்பதையும் பார்த்துவிட்டார்கள். 2010இல் வெளியான பிரிட்டிஷ்–ஐரோப்பிய ட்ரையல், 529 பேர். எண்ணைப் பார்த்துச் சீக்கிரம் தொடங்கியவர்களுக்கும் தொந்தரவு வந்தபின் தொடங்கியவர்களுக்கும் ஆயுளில் வேறுபாடு இல்லை, விகிதம் 0.98. சீக்கிரம் தொடங்கியவர்களுக்குக் கீமோ நாட்கள்தான் கூடின. பார்ப் மாத்திரைகள் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய ட்ரையல் என்பதை மறக்க வேண்டாம்.

26 ஜூன்

மிர்வெடுக்சிமாப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோற்று, பிறகு ஜெயித்த மருந்து. பிளாட்டினம் நிறுத்தி ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியவர்களுக்கானது. ஃபோலேட் ஏற்பி ஆல்ஃபா என்ற புரதம் கட்டி அணுக்களின் மேல்பரப்பில் நிறைய இருந்தால், அதைப் பிடித்து உள்ளே நச்சை இறக்கும் ஆன்டிபாடி.

ஃபார்வர்டு-1 என்ற முதல் பெரிய ட்ரையல், 366 பேர், தோல்வி. எதனால்? ஏற்பி “நிறைய” என்பதை எப்படி எண்ணினார்கள் என்பதில் கோளாறு. 10 மடங்கு லென்ஸ் வழியே, ஏற்பியைக் காட்டும் சாயம் கண்ணுக்குத் தெரிந்த அணுவெல்லாம் கணக்கு. வெளிறிய சாயமும் அடர்ந்த சாயமும் ஒன்றே. பழுத்த மாங்காயையும் செங்காயையும் ஒரே கூடையில் கொட்டியமாதிரி. ஏற்பி குறைவாக உள்ளவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள், பலன் நீர்த்தது. பிறகு விதியை மாற்றினார்கள்: 75 சதவீதமாவது அணுக்களில் சாயத்தின் அடர்த்தி, 0 முதல் 3 வரையான அளவில், 2 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

அந்தப் புது விதியோடு நடந்தது மிராசோல், 453 பேர். ஆயுள் 16.46 மாதம், கீமோவுக்கு 12.75. கட்டி சுருங்கியவர்கள் 42 சதவீதத்துக்கு எதிராக 16. அதே மருந்துதான். மாறியது யாரை உள்ளே விடுவது என்பதை அளந்த கோல். ஏறக்குறைய நாலு மாதம் கூடியது கொஞ்சம்தானே என்று சிலருக்குத் தோன்றும். ஆனால் பிளாட்டினம் கைவிட்ட இந்த இடத்தில் அதுவரை வந்த எந்தப் புது மருந்தும் ஆயுளைக் கூட்டிக் காட்டியதில்லை.

27 ஜூன்

இந்த மருந்தின் அளவைக் கணக்கிடுவதிலும் பொறி இருக்கிறது. கிலோவுக்கு 6 மி.கி., மூன்று வாரத்துக்கு ஒரு முறை. எந்த கிலோ? தராசில் காட்டும் கிலோ இல்லை. முதலில் உயரத்துக்கேற்ற எடை: 0.9 பெருக்கல் உயரம் சென்டிமீட்டரில், கழித்தல் 92. பிறகு அசல் எடை அதைவிட எவ்வளவு கூடுதலோ அதில் 0.4 பங்கைச் சேர்க்க வேண்டும்.

155 செ.மீ., 70 கிலோ என்றால்: 139.5 கழித்தல் 92, அதாவது 47.5. கூடுதல் 22.5, அதில் 0.4 பங்கு 9. மொத்தம் 56.5 கிலோ. மருந்து 339 மி.கி., அதாவது 100 மி.கி. குப்பி நான்கு. தராசுக் கணக்கில் போட்டால் 420 மி.கி., ஐந்து குப்பி. ஒரு குப்பி வீண்செலவு என்பதோடு போகாது. ரத்தத்தில் மருந்தின் உச்சம் ஏற ஏறக் கண்ணில்தான் அடி விழும். அந்த அனுபவத்தால்தான் இந்தச் சுற்றுவழிக் கணக்கே வந்தது.

கலக்குவது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் மட்டும். நார்மல் சலைன் ஒத்துக்கொள்ளாது. ஐவி குழாயைக் கழுவுவதும் டெக்ஸ்ட்ரோஸால்தான். வார்டில் கை பழக்கத்தில் சலைனை எடுத்துவிடுவார்கள், அங்கேதான் கவனம். குப்பியைக் குலுக்காமல் மெல்லச் சுழற்றிவிட்டு எடுக்க வேண்டும். ஓட்டம் நிமிடத்துக்கு 1 மி.கி., அரை மணி நேரம் ஒன்றும் ஆகாவிட்டால் 3, பிறகு 5. மேலே சொன்ன 339க்கு முதல் தடவை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம்.

27 ஜூன், மறந்துபோனது

கண். தொடங்கும் முன்னே கண் டாக்டரிடம் பரிசோதனை, பிறகு முதல் எட்டுச் சுற்றுவரை ஒன்றுவிட்டு ஒன்றுக்கு. பிரெட்னிசோலோன் 1 சதவீத சொட்டு, மருந்து ஏற்றும் முதல் நாளிலிருந்து நான்காம் நாள்வரை தினம் ஆறு தடவை, ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாள்வரை நாலு தடவை. ஈரப்பதச் சொட்டு தனி, தினமும்.

28 ஜூன்

திருத்தம்: “ஏற்றும் முதல் நாளிலிருந்து” இல்லை, ஏற்றும் நாளுக்கு முந்தைய நாளிலிருந்து. ஸ்டீராய்டு சொட்டு விட்டு குறைந்தது பத்து நிமிடம் கழித்துத்தான் ஈரப்பதச் சொட்டு. அடுத்தடுத்து விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக் கன்னத்தில் இறக்கிவிடும். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம்.

3 ஜூலை

கொஞ்சம் வழிமாறிப் போகிறேன். புது மருந்தை எல்லாரும் துருவுகிறார்கள், ட்ரையலில் ஒப்பீட்டுக்காக எதிர்ப்பக்கம் தரும் கார்போபிளாட்டினின் அளவை யாரும் பார்ப்பதில்லை. அளவு = ஏயூசி × (சிறுநீரக வடிகட்டும் வேகம் + 25). ஏயூசி என்பது ரத்தத்தில் மருந்து மொத்தம் எவ்வளவு ஏற வேண்டும் என்று வைக்கும் இலக்கு. வேகத்தைக் கிரியாட்டினினிலிருந்து ஊகிக்கிறோம். மெலிந்த, சதை வற்றிய பெண்களுக்குக் கிரியாட்டினின் 0.5 வரும். அது சிறுநீரகம் பிரமாதம் என்பதால் அல்ல, சதை இல்லாததால்.

60 வயது, 50 கிலோ, 0.5 என்று போட்டால் வேகம் 94. ஏயூசி 5க்கு 597 மி.கி. கிரியாட்டினினை 0.7க்குக் கீழே எடுப்பதில்லை என்ற விதியை வைத்தால் வேகம் 67.5, அளவு 462 மி.கி. ஒரே பெண், ஒரே நாள், 135 மி.கி. வேறுபாடு. அமெரிக்க மகளிர் புற்றுநோய்க் கூட்டு ட்ரையல்களில் இந்த 0.7 விதி இருக்கிறது. எல்லா ஊரிலும் இல்லை. பிளேட்லெட் ஏன் இங்கே மட்டும் இவ்வளவு விழுகிறது என்று ட்ரையல்களை ஒப்பிடும்போது முதலில் இதைப் பாருங்கள்.

9 ஜூலை

“அம்மாவை ஒரு ட்ரையலில் சேரச் சொல்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?”

முதலில் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ட்ரையல் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் ட்ரையல் அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அதில் “முதன்மை முடிவு” என்று என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நோய் முற்றும் காலமா, ஆயுளா? இவ்வளவு நாள் இங்கே பேசியது அந்த ஒரு வரிக்காகத்தான்.

அடுத்து, எதிர்ப்பக்கம் (புது மருந்து கிடைக்காதவர்களுக்கு) என்ன மருந்து? அது அம்மாவுக்கு ட்ரையல் இல்லாமலே கிடைக்கிற சிகிச்சைதானா, அதற்கும் கீழா? நோய் முற்றினால் மறுபக்க மருந்துக்கு மாற வழி உண்டா? ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கண் டாக்டர், பக்கவிளைவுக்கு அட்மிஷன், இவற்றுக்கு யார் பணம் கட்டுவது என்று வாய்வார்த்தையாக இல்லாமல் சம்மதப் படிவத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ட்ரையலால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் தர வேண்டும் என்று இந்தியாவின் 2019 மருந்து ட்ரையல் விதிகளில் இருக்கிறது. படிவம் தமிழில் தரவேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்றால் மறுக்கக்கூடாது. மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

பார்ப் மாத்திரை ஏற்கெனவே சாப்பிட்டாரா, கடைசிப் பிளாட்டினம் எந்தத் தேதி, அதிலிருந்து நோய் திரும்பியது எந்தத் தேதி: இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். சேர்க்கலாமா வேண்டாமா என்பதில் பாதி இதிலேயே முடிந்துவிடும். ஆறு மாதக் கோடு, கடைசி பிளாட்டினம் ஏறிய நாளிலிருந்து எண்ணப்படும், ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து அல்ல.

10 ஜூலை

மேலே ஒன்று விட்டுப்போச்சு. ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் பாரஃபின் பிளாக்கை (கட்டித் துண்டை மெழுகில் பதித்து வைத்தது) இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். கண்ணாடித் தகட்டில் வெட்டி வைத்த பழைய துண்டுகளில் நாளாக ஆக ஏற்பிச் சாயம் மங்கும். பிளாக் இருந்தால் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். பிளாக்கைக் கொடுக்கும்போது ரசீது எழுதி வாங்குங்கள். மிச்சத்தைத் திருப்பித் தருவார்களா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.